வளைகுடா ஷட்டவுன் வேலையா, கடல் ரிக் வேலையா? கையெழுத்திடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

நெல்வயல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தைச் சேர்ந்தவன், வயது 24. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, வடசென்னையில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர் மூலமாக இரண்டரை ஆண்டுகளாகப் பம்ப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து வருகிறேன். ஹெல்பராகத்தான் சேர்ந்தேன். இப்போது பம்ப் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலை மாற்றுவது, பேரிங் ஏற்றுவது, மோட்டாரும் பம்ப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்து அலைன்மென்ட் பார்ப்பது வரை பெரும்பாலும் தனியாகவே செய்கிறேன். ஆனால் சம்பளச் சீட்டில் இன்றுவரை என் பெயருக்கு நேரே ‘அன்ஸ்கில்டு’ என்றுதான் அச்சாகி வருகிறது.

இந்த நிலையில் இரண்டு வாய்ப்புகள் ஒரே மாதத்தில் வந்திருக்கின்றன. முதலாவது, சவூதியில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு வேலை. 75 நாள், பம்ப் டெக்னீஷியன் பணி, நாளுக்கு 12 மணி நேரம், சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு என்கிறார்கள். ஊரில் இருக்கும் ஏஜென்ட் இதற்கு 85 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். விசிட் விசாவில் போய் இறங்கிவிட்டால் மற்றதை அங்கே கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்கிறார். இரண்டாவது, மும்பைக் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரு ரிக்கில் ரவுஸ்டபவுட் என்ற டெக் உதவியாளர் வேலை. 28 நாள் வேலை, 28 நாள் ஓய்வு. வேலை செய்யும் நாட்களுக்கு மட்டுமே சம்பளம். கடல் பாதுகாப்புப் பயிற்சியை மட்டும் என் சொந்தச் செலவில் முடித்துக்கொண்டு வரவேண்டுமாம்.

அப்பாவுக்கு மூன்று மா நிலம் இருக்கிறது. எந்தப் பக்கம் போவதென்றாலும் அம்மாவின் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். அதனால் கையைச் சுட்டுக்கொள்ள எனக்கு வழியில்லை. இந்த இரண்டு இடங்களிலும் உண்மையில் வேலை எப்படி இருக்கும், எது என்னை மேலே கொண்டுபோகும், எண்ணெய்த் தொழிலுக்கே இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆயுள் இருக்கிறது என்பதை நேரில் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சுழலி

தம்பி, நான் 19 ஆண்டுகள் குவைத்திலும் சவூதியிலும் பம்ப், கம்ப்ரசர் வேலை பார்த்துவிட்டு இப்போது திருச்சியில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் சம்பளத்துக்கு முன்னால் என் கண்ணில் பட்டது ‘விசிட் விசா’ என்ற இரண்டு சொற்கள்தான். வேறு எதையும் பார்க்க வேண்டாம், அந்த இரண்டு சொற்களுக்காகவே இந்த வாய்ப்பை மறுத்துவிடுங்கள்.

விசிட் விசாவில் வந்து வேலை செய்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். கையில் அடிபட்டால் மருத்துவமனையில் யார் பொறுப்பேற்பது என்ற கேள்வி வரும். சம்பளம் நின்றுபோனால், நீங்கள் அங்கே தொழிலாளியாக இருந்தீர்கள் என்பதையே எந்த அலுவலகத்திலும் நிறுவ முடியாது. ஷட்டவுன் போன்ற குறுகிய காலப் பணிகளுக்கென்றே சவூதியில் தற்காலிகப் பணி விசா தனியாக இருக்கிறது. முறையாக ஆள் எடுக்கிற நிறுவனம் அதைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

அடுத்தது பணம். பதிவுபெற்ற ஏஜென்ட் ஒருவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கும் ரசீது கொடுக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். அது இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் இருக்கிறதா, காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்கி வருகிறது. அங்கும் ஒருமுறை பதிந்து வையுங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அவர்களுக்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம். நீங்கள் டிப்ளமோ படித்தவர் என்பதால் அந்த அனுமதி உங்களுக்குத் தேவைப்படாது. ஒரு வேலை மிச்சம் என்று இதை நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தை உங்களைத் தவிர வேறு எவரும் படித்துப் பார்க்கப் போவதில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

நான் முதன்முறை போனபோது சென்னையில் கையெழுத்திட்ட தாள் ஒன்று, அங்கே கேம்பில் இறங்கிய மறுநாள் நீட்டிய தாள் வேறொன்று. இரண்டாவது தாள் அரபியில் இருந்தது. அதில் என் பதவி மெக்கானிக் அல்ல, லேபர். அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழப் பாதி, மீதியைப் படி என்று காட்டியிருந்தார்கள். மாதக் கடைசியில் கைக்கு வந்த தொகை பேசியதற்கு அருகில் இருந்ததால் நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஓவர்டைமும், ஐந்தாண்டு கழித்து வந்த பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டபோதுதான் அந்த ஒரு கையெழுத்து எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று புரிந்தது. ஆகவே மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பதவியின் பெயர் என்ன, 12 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் ஓவர்டைமாகக் கணக்காகிறது, டிக்கெட் யாருடையது என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஷட்டவுன் வேறு உலகம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு யூனிட்டை முழுவதுமாக நிறுத்தி, ஆயிரக்கணக்கான ஆட்களை ஒரே நேரத்தில் உள்ளே இறக்கி, கோபுரங்களையும் வெப்பம் மாற்றும் எக்ஸ்சேஞ்சர்களையும் திறந்து சுத்தம் செய்து மூடுவார்கள். ஆலை நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குப் பெரும் இழப்பு என்பதால் முதல் நாளிலிருந்தே அவசரம்தான், அந்த வேலையின் முதல் ஆபத்தும் அந்த அவசரம்தான். வெயிலைப் பொறுத்தவரை பெரிய ஷட்டவுன்களைக் குளிர்மாதங்களில் வைத்துக்கொள்வதே வழக்கம்; கோடையிலும் மதிய வேளைக்குத் தடை உண்டு. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணி வரையும், குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய 11 முதல் 4 மணி வரையும் நேரடி வெயிலில் வேலை வாங்கக்கூடாது.

ஒரு டிசம்பர் இரவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எக்ஸ்சேஞ்சர் ஒன்றின் சேனல் கவரைக் கழற்றிக்கொண்டிருந்தோம். போல்ட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தி, கடைசி நான்கை மட்டும் விட்டு, கவரை லேசாக இளக்கிப் பார்த்தபோது சட்டைப்பையில் செருகியிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மீட்டர் கத்தத் தொடங்கியது. முதலில் அழுகிய முட்டை வாடை வந்தது. சிறிது நேரத்தில் பக்கத்திலிருந்த பையன், “வாடை போய்விட்டது அண்ணா” என்று நிம்மதியாகச் சொன்னான். மீட்டரைப் பார்த்தால் எண் ஏறிக்கொண்டிருந்தது. 10 பிபிஎம்மில், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 10 பங்கு வாயு இருந்தாலே, கத்தத் தொடங்குகிற மீட்டர் அது. 100 பிபிஎம் அளவுக்குப் போனால் அந்த வாயு சில நிமிடங்களில் நம் மோப்பத்தையே கொன்றுவிடும். வாடை நின்றது என்றால் வாயு நின்றது என்று பொருளல்ல, மூக்கு செத்தது என்று பொருள். காற்றுத் திசை காட்டும் துணிக்குழாயைப் பார்த்து, காற்று வரும் பக்கமாக அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன். மறுநாள் பார்த்தபோது ஒரு டிரெயின் லைனில், குழாயை அடைக்கும் பிளைண்டு தகட்டைப் போடாமலே விட்டிருந்தார்கள். ஆனால் எங்கள் பெர்மிட் என்ற வேலை அனுமதிச் சீட்டில் எல்லா பிளைண்டுகளும் போடப்பட்டன என்று டிக் அடித்துக் கையெழுத்திட்டிருந்தது. அன்றிலிருந்து, பிளைண்டு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நானே போய்த் தொட்டுப் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்ததில்லை.

நைட்ரஜனுக்கு அந்த வாடையும் கிடையாது. கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கியை மாற்றும் வேலையில் பாத்திரத்துக்குள் நைட்ரஜன் இருக்கும்போது மேன்ஹோலுக்குள் தலையை நீட்டுவதே போதும், இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற முகமூடி இல்லாமல் இறங்கியவர்கள் இறந்ததுதான் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிற சாவு. மேன்ஹோல் வாயிலில் காவல் நிற்கும் ஹோல் வாட்ச் வேலைக்கு உங்களை நிறுத்தினால் அது சும்மா உட்காரும் வேலை என்று எண்ணாதீர்கள். உதவிக்கு ஆளைக் கூப்பிடத்தான் நிற்கிறீர்கள், உள்ளே குதிக்க அல்ல.

கடல்மேடை

சுழலி அவர்கள் பெர்மிட்டைப் பற்றிச் சொன்னதை ஒட்டியே நான் தொடர்கிறேன். நான் தனியார் ரிக்குகளில் ரவுஸ்டபவுட்டாகத் தொடங்கி டிரில்லராக ஓய்வு பெற்றவன். 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா மேடையில் 167 பேர் இறந்தார்கள். எங்கள் பயிற்சியில் அது எப்படித் தொடங்கியது என்பதைத் தலைகீழாகச் சொல்ல வைப்பார்கள். பகலில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றி, அந்த இடத்தில் வெறும் ஃபிளாஞ்ச் ஒன்றை மூடியாக வைத்திருந்தார்கள். வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றுபோனபோது அவர்கள் இதை ஓட்டினார்கள்; மூடி கசிந்து வெடித்தது. நெல்வயல் தம்பி, நீங்கள் பம்ப் வேலைக்காரர் என்பதால் இதன் கனம் உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அந்த விபத்தை விசாரித்த கல்லன் பிரபு 106 பரிந்துரைகளைத் தந்தார். இன்று உலகம் முழுவதும் கடல்மேடைகளில் பெர்மிட்டும் ஷிஃப்ட் ஒப்படைப்பும் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அந்த 167 உயிர்கள் காரணம்.

நம் கடலில் 2005 ஜூலை 27 அன்று நடந்ததும் சிறியதல்ல. மும்பை ஹை வடக்கு மேடைக்குப் பக்கத்தில் நின்ற கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரலில் வெட்டு. அவரை மேடைக்கு மாற்றுவதற்காகக் கப்பல் நெருங்கியபோது எரிவாயு ஏறும் ரைசர் குழாயில் மோதி நெருப்புப் பிடித்தது. மழைக்கால அலை. இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே இல்லாமல் போனது. 22 பேர் இறந்தார்கள், 362 பேரை மீட்டார்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கடலில் ஒரு சிறிய காயமும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

ரவுஸ்டபவுட் வேலை என்ன என்று சொல்கிறேன். டெக்கில் கிரேன் இறக்கும் சுமைகளை அவற்றில் கட்டிய டேக் லைன் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது, குழாய்களை அடுக்குவது, டெக் கழுவுவது, பெயிண்ட் உரிப்பது, கிணற்றுக்குள் செலுத்தும் சேற்றுக் கலவைக்கான மூட்டைகளை உடைத்துக் கொட்டுவது என்று 12 மணி நேரம் போய்விடும். இதில் உடல் உழைப்பைவிடக் கையும் விரலும்தான் அதிகம் ஆபத்தில் இருக்கும். சுமை ஆடும்போது அதைக் கையால் தள்ளி நிறுத்தத் தோன்றும். தோன்றுகிற அந்த நொடியில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பழக வேண்டும். என் வலது மோதிர விரல் அந்தப் பழக்கம் வருவதற்கு முன்பே ஒரு குழாய்க்கும் ரேக்குக்கும் நடுவில் போய்விட்டது.

படிகள் தெளிவானவை: ரவுஸ்டபவுட், ஃப்ளோர்மேன், டெரிக்மேன், அசிஸ்டன்ட் டிரில்லர், டிரில்லர், டூல்புஷர். டிரில்லராக வேண்டுமானால் கிணற்றழுத்தக் கட்டுப்பாட்டுக்கான ஐடபிள்யூசிஎஃப் சான்று வேண்டும். அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்வெழுதிப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் வேறு வழியைச் சொல்வேன். ஒவ்வொரு ரிக்கிலும் மோட்டார்மேன், அசிஸ்டன்ட் மெக்கானிக், ரிக் மெக்கானிக் என்று ஒரு தனி வரிசை உண்டு. சேற்றுக் கலவையைச் செலுத்தும் பம்ப்பும் டீசல் இன்ஜினும் அவர்கள் கையில்தான். சீலும் பேரிங்கும் தெரிந்த நீங்கள் ரவுஸ்டபவுட்டாக ஏறினால் இரண்டரை ஆண்டு அனுபவத்தைக் கரையில் விட்டுவிட்டு ஏறுவதாகிவிடும். மோட்டார்மேன் இடம் இருக்கிறதா என்று அந்த நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள்.

பயிற்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். போசியட் என்கிற அந்த அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சி மூன்று நாள். சான்று நான்கு ஆண்டு செல்லும். அதில் எல்லாரும் பயப்படுவது தண்ணீருக்குள் ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறும் பகுதிக்குத்தான். கூண்டு ஒன்றில் பெல்ட் போட்டு உட்கார வைத்துக் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. ஒரு கையால் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கூண்டு சுற்றி நிற்கும்வரை பொறுத்து, ஜன்னலைத் தள்ளிவிட்டு, அதன் பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பதற்றத்தில் பெல்ட்டை முதலில் கழற்றியவன் உடல் மிதந்து திசை தெரியாமல் தவிப்பான். நீச்சல் தெரியாதவர்களும் இதில் தேறியிருக்கிறார்கள். பொறுமை இல்லாதவர்கள்தான் திணறுவார்கள். கடல்மேடைப் பயிற்சிக்குத் தரம் வகுக்கும் ஓபிட்டோ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிலையமா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். குறுக்கு வழியில் சான்று வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். சான்று எண்ணைப் பதிவேட்டில் சரிபார்ப்பார்கள். அதைவிட, அந்த மூன்று நாள் என்றாவது ஒருநாள் உங்களுக்கே தேவைப்படலாம்.

மழைக்காலத்தில் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானிலை மோசமானால் ஜுஹூவிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பாது. 28 நாள் 33 நாள் ஆகும். உங்களை மாற்றவேண்டியவர் கரையில் காத்திருப்பார், நீங்கள் மேலே காத்திருப்பீர்கள். அந்தக் கூடுதல் நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

குமரிக்கரை

என் கணவர் 11 ஆண்டுகளாகக் கடலில் குழாய் பதிக்கும் பார்ஜ் என்ற தட்டையான மிதவைக் கலங்களில் வேலை பார்க்கிறார். வேலையைப் பற்றி ஐயா இருவரும் சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்து பார்க்கிறவளாக நான் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வேலை நாளுக்கு மட்டும் சம்பளம் என்றால் முதலில் ஆண்டுக் கணக்கைப் போடுங்கள் தம்பி. 28-க்கு 28 என்று சொன்னாலும் அடுத்த அழைப்பு சரியாக 29-ஆம் நாள் வரும் என்று யாரும் உறுதி தருவதில்லை. எங்கள் வீட்டில் ஓராண்டு அது 70 நாளானது. 2014-இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே போனபோது ரிக்குகளையும் பார்ஜ்களையும் கட்டிப்போட்டுவிட்டார்கள். அப்போது ஊரில் தவணையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அன்று முதல், ஆறு மாதச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்கிய பிறகுதான் வேறு எதையும் தொடுகிறோம். நகையை மீட்பதற்கு முன்னால் வண்டி வாங்காதீர்கள் என்று உங்கள் அக்காவைப் போல உரிமையோடு சொல்கிறேன்.

2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பைக்கு அப்பால் பி-305 பார்ஜ் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 261 பேர் இருந்த அந்தப் பார்ஜில் 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல உடல்களை மரபணுச் சோதனை செய்துதான் அடையாளம் காண வேண்டியிருந்தது. அந்த நான்கு நாளும் என் கணவர் வேறொரு பார்ஜில் இருந்தார். அவரை வேலைக்கு எடுத்தது ஒரு ஆள் பிடிக்கும் நிறுவனம், பார்ஜ் இன்னொருவருடையது, வேலை மூன்றாமவருடையது. எனக்குத் தெரிந்திருந்ததோ, எடுத்தவருடைய ஒரு கைப்பேசி எண் மட்டும்; அதையும் அவர் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. அவர் கிளம்பும் முன், பார்ஜின் பெயர், அது நிற்கும் எண்ணெய் வயல், கரையில் உள்ள அலுவலக எண், காப்பீட்டுப் பத்திர எண், நியமனதாரராக என் பெயர் இருக்கும் பக்கம், ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள் ஆகியவற்றைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுத்தான் ரயில் ஏறுவார். நீங்கள் எங்கே போனாலும் இவற்றை உங்கள் அம்மா அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களுக்குக் கல்யாணமானால் நியமனதாரர் பெயரை மாற்ற மறக்காதீர்கள். மறந்துபோய்ப் பின்னால் குடும்பங்கள் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நெல்வயல்

மூவருக்கும் நன்றி. ஏஜென்டிடம் பதிவு எண்ணைக் கேட்டேன். “நம்பிக்கை இல்லாதவனுக்கு நான் எதற்கு வேலை வாங்கித் தர வேண்டும்” என்று கோபப்பட்டார். ரசீதும் தர முடியாது என்றார். பணம் கொடுக்கவில்லை, அம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கிறது. ரிக் நிறுவனத்திடம் மோட்டார்மேன் இடத்தைப் பற்றிக் கேட்டு மின்னஞ்சல் எழுதினேன். அடுத்த மாதம் மும்பையில் நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்; தேர்வானால் பயிற்சிச் செலவைப் பாதி அவர்களே ஏற்பதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

என் கவலை ஒன்றுதான். சம்பளச் சீட்டில் அன்ஸ்கில்டு என்று இருக்கும்போது, நான் சீல் மாற்றினேன், அலைன்மென்ட் பார்த்தேன் என்பதை அவர்கள் எப்படி நம்புவார்கள்? இன்னொன்று, எண்ணெய்த் தொழிலின் ஆயுளைப் பற்றிக் கேட்டிருந்தேன். அதையும் யாராவது சொன்னால் நல்லது.

சுழலி

நல்ல முடிவு தம்பி. நகை வீட்டில் இருப்பதைப் படித்தபோது எனக்கே நிம்மதியாக இருந்தது.

ஆயுளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் எத்தனை ஆண்டு இருக்கும் என்று உங்களைப் போன்றவர் கணக்குப் போட வேண்டியதில்லை. உங்கள் கைத்திறன் எண்ணெயோடு மட்டும் கட்டப்பட்டதா என்று பாருங்கள். மெக்கானிக்கல் சீலுக்கு உள்ளே ஓடுவது கச்சா எண்ணெயா, கடல்நீரா, அமோனியாவா என்பது பெரிய வேறுபாடல்ல. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் ஓடுவதும் உயர் அழுத்தப் பம்ப்புகள்தான். எண்ணூரில் 2019 முதல் திரவ இயற்கை எரிவாயு முனையம் ஓடுகிறது. உர ஆலைகளும் மின் நிலையங்களும் இருக்கின்றன. கிணறு தோண்டுவதை மட்டுமே கற்றவருக்குச் சந்தை விழும்போது போக்கிடம் குறைவு. சுழலும் இயந்திரம் கற்றவருக்கு அந்த அளவு நெருக்கடி வராது. கடல்மேடை ஐயா உங்களை மெக்கானிக் வரிசைக்குத் திருப்பியது அதனாலும் சரியானது.

அனுபவத்தை நிறுவுவதற்கு இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, எந்த வகைப் பம்ப், என்ன கோளாறு, என்ன செய்தீர்கள், அலைன்மென்ட் முன்னும் பின்னும் எந்த அளவில் இருந்தது, உங்களோடு நின்ற ஃபோர்மேன் யார் என்று வேலைக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். ஆலையின் வரைபடத்தையோ பெர்மிட்டையோ படம் எடுக்காதீர்கள், அது வேலைக்கே உலை வைக்கும்; உங்கள் கையெழுத்தில் எழுதுவது போதும். நினைவிலிருந்து பழைய வேலைகளையும் எழுதிவிட்டு ஃபோர்மேனிடம் காட்டிக் கையெழுத்துக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். பி.எஃப். கணக்கில் உங்கள் பணிக்காலம் மாதம் தவறாமல் பதிவாகியிருக்கும். சேர்ந்த தேதிக்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அத்துடன் பதவிப் பெயரைத் திருத்தித் தரும்படி ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அவர் திருத்தாவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும்.

கடல்மேடை

நேர்காணலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்கிறேன். மெக்கானிக் வரிசைக்கு எடுக்கும்போது காகிதத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார்கள். பிறகு பட்டறைக்கு அழைத்துப் போய் ஒரு மோட்டாரையும் பம்ப்பையும் காட்டி, டயல் கேஜைக் கையில் கொடுத்து அலைன் செய்யச் சொல்வார்கள். கேஜை வாங்கியவுடன், மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங்கில் மாட்டிவிடாதீர்கள். முதலில் மோட்டாரின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டுப் பூட்டும் சீட்டும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது பயிற்சிக்கு வைத்த மோட்டார், ஒயரே இல்லை என்று சொன்னாலும் கேளுங்கள். அதன் பிறகு மோட்டாரின் நான்கு கால்களிலும் ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, கால் எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் அந்தக் காலுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்துவிட்டுத்தான் கேஜைத் தொட வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் நான் ஏழெட்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். வந்தவர்களில் பெரும்பாலோர் அவசரத்தில் நேராகக் கேஜுக்குத்தான் கையை நீட்டினார்கள். போய் வந்து என்ன ஆனது என்று இங்கே எழுதுங்கள்.